தலைமை தாங்க வந்தவர்

போன ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு, திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாணம். காலை ஒன்பது மணிக்கு என்று பத்திரிகையில் போட்டிருந்தது. பத்தரை தாண்டியும் நடக்கவில்லை.

பெண் தயார். மாப்பிள்ளை தயார். மாலை இரண்டும் தட்டில் தயார். பந்தியில் இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாகிவிட்டது. ஐயர் வரவில்லையா என்று கேட்காதீர்கள் – இது சுயமரியாதைத் திருமணம். வரவேண்டியவர் தலைவர்.

எந்தத் தலைவர்? கட்சித் தலைவர் இல்லை. எங்கள் தொழிற்சங்கத் தலைவர்.

நான் சென்னையில் ஒரு விமான நிறுவனத்தின் ஹேங்கரில் மெக்கானிக் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்கு: விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்திப் பழுது பார்க்கும் பெரிய கொட்டகைக்குத்தான் அந்தப் பெயர். அங்கே வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். அப்பா கூலிக்குக் கதிர் அறுத்தார், பிள்ளை ஐ.டி.ஐ. படித்து ஸ்பேனர் பிடித்தான். அந்தத் தலைமுறை.

கல்யாணப் பெண் கயல்விழி, மன்னார்குடியில் பள்ளி ஆசிரியை. அவளுடைய அப்பா தமிழரசன் எங்கள் ஹேங்கர்க்காரர். சில மாதங்களாக சஸ்பென்ஷனில் இருக்கிறார்.

என்ன குற்றம் செய்தார்?

விமானத்தை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் உதவுகிற பாகங்களில் கை வைத்தால், எங்கள் தொழிலில் ஒரு கட்டாயம் உண்டு. வேலையைச் செய்பவர் ஒருவர். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். செய்தவரே சரிபார்க்கக் கூடாது. சம்பவம் நடந்த அன்று காலை தமிழரசன்தான் அந்த இன்னொருவர். வால் பகுதியில் ஒரு கேபிளை மாற்றியிருந்தார்கள். அவர் ஏணியில் ஏறிப் பார்ப்பதற்குள் மூடியைப் போட்டுத் திருகிவிட்டார்கள். பயணிகள் காத்திருக்கிறார்கள், கையெழுத்தைப் போடுங்கள் என்றார் மேலதிகாரி. மூடியைத் திறங்கள், பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றார் இவர்.

திறந்தார்கள். விமானம் தாமதமானது. மறுநாள் 'ஒழுங்கீனம்' என்று சஸ்பென்ஷன்.

கேபிள் சரியாக இருந்ததா என்கிறீர்களா? இருந்தது. அதுதான் அவருக்கு வினையாகப் போயிற்று. கோளாறு கண்டுபிடித்திருந்தால் பாராட்டியிருப்பார்கள். ஒன்றும் இல்லாததற்காக விமானத்தை நிறுத்தியவர் என்று ஆகிவிட்டது.

சங்கம் எதற்கு இருக்கிறது? தலைவர் உடனே அறிக்கை விட்டார். வாயிற்கூட்டம் போட்டார். 'தம்பி தமிழரசனை உள்ளே கொண்டுவராமல் ஓயமாட்டேன்' என்றார். பிறகு சம்பள ஒப்பந்தப் பேச்சுவார்த்தை வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது, லட்டு கொடுத்தார்கள், தலைவரும் நிர்வாகமும் கைகுலுக்கும் படம் வந்தது. தமிழரசன் மட்டும் வெளியே நின்றார். அவர் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு, பேசிக்கொண்டிருக்கிறேன் என்று பதில்.

இந்த நேரம் பார்த்து இன்னொரு சங்கம் எங்களை அழைக்க ஆரம்பித்தது. இருப்பதா, மாறுவதா? வியாழக்கிழமை ஜெனரல் பாடி கூட்டம். அதற்கு முன்னால் வந்து நின்றது இந்தக் கல்யாணம்.

சென்னையிலிருந்து ஒரு வேனில் போனோம். வழியெல்லாம் சண்டை. ஒரு பக்கம் ஸ்டீபன் – தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பத்துப் பையன், முப்பது வயது, வாய் கொஞ்சம் நீளம். இன்னொரு பக்கம் மாரிமுத்து – முத்துப்பேட்டைக்காரர், ஓய்வு பெறப் போகிறவர்.

சங்கம் இல்லையென்றால் இன்றைக்கும் நாங்கள் கான்ட்ராக்டில்தான் இருந்திருப்போம் என்றார் மாரிமுத்து. வேலையை நிரந்தரமாக்கிக் கொடுத்தது யார், மருத்துவச் செலவு வாங்கிக் கொடுத்தது யார் என்று அடுக்கினார். எல்லாம் உண்மை. ஸ்டீபனும் மறுக்கவில்லை.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி எங்க ஊர்ல விவசாயத் தொழிலாளிக்கு ஒரே சங்கந்தான்டா இருந்துச்சு. கூலி நெல்லு கூடக் கேட்டு ஊரே நின்னுது. அப்புறம் ரெண்டு கொடி ஆச்சு. அந்த அறுப்புக்கே மிராசுதாரு வெளியூர் ஆள எறக்கிட்டாரு. இவன் அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னான், அவன் இவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னான். எங்கப்பாவும் அதுல ஒரு ஆளு" என்றார் மாரிமுத்து.

அந்த மிராசுதாரை எங்களில் பலருக்கு வேறு வேறு பெயரில் தெரியும்.

"சரிண்ணே, ஒரே கொடியா இருக்கட்டும்" என்றான் ஸ்டீபன். "வருஷா வருஷம் ஏகமனதா தேர்ந்தெடுத்தோம்னு நோட்டீஸ் ஒட்டுறீங்களே… அந்த ஒரு மனசு யாருதுண்ணே?"

மாரிமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே சம்பா அறுவடை. பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. டிரைவர் அதன் மேல் ஏற்றாமல் மறு ஓரமாக ஊர்ந்தார்.

கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் தமிழரசன் விஷயத்தைத் தலைவரிடம் கேட்டுவிடுவது என்று ஸ்டீபன் முடிவு செய்திருந்தான். தனியாகக் கேட்டால் தோளில் கை போட்டு அனுப்பிவிடுகிறார். மைக் முன்னால் அது முடியாதல்லவா? வேனில் பாதிப் பேர் அவன் கட்சி.

மண்டப வாசலில் ஆளுயர பிளெக்ஸ். மேலே தலைவர், கை கூப்பியபடி. அவருக்குக் கீழே, அவர் முழங்கை மட்டத்தில், மணமக்கள்.

தமிழரசன் ஓடிவந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டார். புது வேட்டி. முகத்தில் தூக்கமில்லை. எங்கள் முகங்களைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது அவருக்கு. ஸ்டீபனைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

"தம்பி, ஒன்ன கையெடுத்துக் கும்புடுறேன். மண்டபத்துல எதையும் ஆரம்பிச்சிடாத. அவரு மனசு வச்சாத்தான் எனக்கு வேலை. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருன்னா நான் அவ்வளவுதான்."

"அண்ணே, உங்களுக்காகத்தான…"

"எனக்காகத்தான் சொல்றேன்."

ஸ்டீபன் தலையை ஆட்டினான். ஆனால் முன்வரிசைக்குப் பின்னாலேயே, மேடைக்கு நேராகப் போய் உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் நான். அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

பத்தே முக்காலுக்கு வெடி போட்டார்கள். தலைவர் வந்துவிட்டார். கூட்டம் எழுந்து நின்றது. நாங்களும் எழுந்தோம், பழக்கம்.

ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் நன்றாகப் பேசுவார். கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் வண்டிகள் வரிசையாக நின்றதால் தாமதம் என்று ஆரம்பித்தார். "வெளஞ்ச நெல்லோட விவசாயி நிக்கிறான். அவன் பின்னால நின்னு நான் ஹாரன் அடிக்கலாமா?" கைதட்டல். பசியோடு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்கள்தான் தட்டினார்கள்.

பிறகு தன் சிறைவாசம், தன் போராட்டங்கள், கொஞ்சம் மணமக்கள், மறுபடி தன் போராட்டங்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த மேடையில ஒரு நல்ல செய்தி. தம்பி தமிழரசன் பிரச்சினை முடிஞ்சுது. பேசி முடிச்சுட்டேன். வர்ற புதன்கிழமை காலை ஷிப்டுக்கு அவரு உள்ள போறாரு. இதுதான் எம் மக மாதிரி இருக்கற கயல்விழிக்கு நான் தர்ற கல்யாணச் சீர்."

மண்டபம் அதிர்ந்தது. தமிழரசன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மனைவி அழுதுவிட்டார்.

எங்கள் வரிசை மட்டும் அசையவில்லை. முந்தின நாள் மதியம்தான் ஸ்டீபன், ஆட்கள் விவகாரம் பார்க்கிற பெர்சனல் ஆபீசுக்குப் போய்க் கேட்டு வந்திருந்தான். அப்படி ஒரு பேச்சே இல்லை என்று அங்கே சொன்னார்கள்.

ஸ்டீபன் எழுந்துவிட்டான். தமிழரசன் துண்டை விலக்கித் திரும்பிப் பார்த்தார் – நேராக அவனைத்தான். அந்தப் பார்வையை நான் எழுதிக் காட்ட முடியாது. ஸ்டீபன் நின்றபடியே இருந்தான். மாரிமுத்து பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அடுத்தது உறுதிமொழி. தலைவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மாப்பிள்ளை மைக்கைப் பிடித்துத் திருப்பிச் சொன்னார். பிறகு கயல்விழி. வாழ்க்கைத் துணைவராக ஏற்கிறேன், இன்பத்திலும் துன்பத்திலும் சமபங்கு ஏற்பேன் என்று, வகுப்பில் பாடம் நடத்துகிற தெளிவோடு சொல்லி முடித்தாள். தலைவர் மைக்குக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"ஐயா, ஒரு நிமிஷம். புதன்கிழமை அப்பா உள்ள போகும்போது நீங்களும் கூட வருவீங்களா? தனியா போனா கேட்ல விடமாட்டாங்கய்யா. ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க."

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. ஊர்ப் பெரியவரிடம் ஓர் உதவி கேட்கிற மாதிரிதான் கேட்டாள். மண்டபத்தில் அத்தனை பேரும் தலைவரையே பார்த்தார்கள். அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். தட்டிலிருந்த மாலையைப் பார்த்தார்.

"வர்றேம்மா" என்றார்.

"எத்தன மணிக்குங்கய்யா?"

"…ஏழு மணிக்கு."

கைதட்டல் முன்னைவிடப் பலமாக இருந்தது. தாலியும் மாலையும் எடுத்துக் கொடுக்கும்போது மாப்பிள்ளைக்கு உரிய மாலையைப் பெண்ணிடம் நீட்டிவிட்டார். வயதாக இருக்கலாம்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது வாழ்த்துச் சொல்லப் போனேன். தலைவரை நன்றாக மடக்கிவிட்டாயே என்றேன், மெதுவாக. அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மடக்கல மாமா. அவர் சொன்னத நம்புனேன். அதனாலதான் கூப்பிட்டேன்."

யோசித்துப் பார்க்கிறேன். இத்தனை வருடத்தில் நாங்கள் யாராவது அவரை அப்படி நம்பியிருக்கிறோமா? பொன்னாடை போர்த்தினோம். பிளெக்ஸ் வைத்தோம். 'தலைவரே' என்றோம். முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தோம். சொன்னதைச் செய்வார் என்று எதிர்பார்த்து, எத்தனை மணிக்கு என்று கேட்டதுண்டா? மேடையைக் கட்டித் தூக்கி வைத்தவர்களும் நாங்கள். இறங்கி வரமாட்டேன் என்கிறாரே என்று குறைப்பட்டவர்களும் நாங்கள்.

புதன்கிழமை வருவாரா? ஹேங்கர் முழுக்க அதே பேச்சு. காய்ச்சல் வந்துவிடும் என்றான் ஸ்டீபன். டெல்லிக்குப் போய்விடுவார் என்றார் இன்னொருவர்.

காலை ஷிப்டுக்கு நான் போனபோது கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருவர் நின்றிருந்தார்கள். ஒருவர் தமிழரசன், இஸ்திரி போட்ட யூனிபார்மில். இன்னொருவர் தலைவர். கார் இல்லை, கூட ஆட்கள் இல்லை.

செக்யூரிட்டிக்காரர் பட்டியலில் பேரைத் தேடினார், இல்லை என்று தலையை ஆட்டினார். தலைவர் யாருக்கோ போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். இருவரையும் செக்யூரிட்டி அறை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எப்போதும் நேராக ஏ.சி. அறைக்கு அழைத்துப் போகப்பட்டவர், அன்று ஷிப்டுக்குப் போகிற அத்தனை பேரும் பார்க்க, தமிழரசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் கோஷம் போடவில்லை. ஒருவரும் உள்ளேயும் போகவில்லை. முதலில் மாரிமுத்து கேட்டுக்கு வெளியே ஓரமாக நின்றார். பிறகு ஸ்டீபன். பிறகு எல்லோரும். உள்ளே ரன்வே பக்கம் ஒரு விமானம் கிளம்புகிற சத்தம். அடுத்தது கிளம்ப ஆள் வேண்டுமே?

கொஞ்ச நேரத்தில் தலைவர் எழுந்து எங்களிடம் வந்தார். மைக் இல்லாமல் அவர் குரல் இவ்வளவு சின்னது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஒண்ணும் முடியலப்பா. பேசிக்கலாம்னு நிர்வாகத்துல வாய்ல சொன்னாங்க. நான்தான் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்."

தமிழரசன் காதிலும் அது விழுந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். மகள் கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள்.

மாரிமுத்துதான் முதலில் பேசினார். "சரி தலைவரே. இப்ப போயி பேசுங்க. ஸ்டீபனும் கூட வரட்டும்."

பேசினார்கள். பெர்சனல் மேலாளர் இறங்கி வந்தார். இத்தனை பேர் கேட்டுக்கு வெளியே நின்றால் வந்துதானே ஆக வேண்டும்? மதியத்துக்குள் ஒரு முடிவு: விசாரணை நடக்கும், அதுவரை சஸ்பென்ஷன் நிறுத்திவைப்பு. குற்றச்சாட்டு அப்படியேதான் இருக்கிறது. 'மூடியைத் திறக்கச் சொன்னது ஒழுங்கீனமா' என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆனாலும் தமிழரசன் மறுநாள் கேட்டுக்குள் போனார்.

வியாழக்கிழமை ஜெனரல் பாடியில் வேறு சங்கத்துக்குப் போக வேண்டாம் என்று முடிவானது, கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான். கூடவே, இந்த முறை தலைவர் பதவிக்கு ரகசிய வாக்கெடுப்பு என்றும் முடிவானது. ஏகமனதாக இல்லை. மாரிமுத்து இரண்டுக்கும் கை தூக்கினார். தலைவர் தானும் நிற்பேன் என்று அறிவித்திருக்கிறார். நிற்கட்டும். நான் யாருக்குப் போடுவேன் என்று கேட்காதீர்கள், அதனால்தான் அது ரகசியம்.

நேற்று எங்கள் ஹேங்கரில் ஒரு பையன் தன் கல்யாணத்துக்குத் தலைமை தாங்கச் சொல்லித் தலைவரைக் கேட்கப் போனானாம். தேதி என்ன என்றுகூடக் கேட்கவில்லையாம் அவர். முதல் கேள்வியே – "பொண்ணு மைக்ல பேசுமா?"