ஜாபர் பாய் தைத்த டென்ட்

போன சனிக்கிழமை ஆனைகட்டிப் பக்கம் ஒரு மலையில், டென்ட்டுக்குள் உட்கார்ந்து, முதுகில் சொட்டும் மழைத்தண்ணீரைக் கவனிக்காததுபோல நடித்துக்கொண்டிருந்தேன். ஏன் நடிக்க வேண்டும்? டென்ட்டைத் தைத்தவர் பக்கத்திலேயே படுத்திருந்தாரே!

உக்கடத்தில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற ஜாபர் பாய் என் நெடுநாள் சிநேகிதர். மாணவர்களை மலையேற்றத்துக்குக் கூட்டிப்போக, பீளமேட்டில் ஒரு காலேஜ் அவரிடம் பன்னிரண்டு டென்ட் கேட்டிருக்கிறது. மாதிரிக்கு ஒன்று தைத்ததும், என்னையும் லேத் பட்டறை செல்வராஜையும் கிளப்பிவிட்டார்.

"ஒரு ராத்திரி தங்கிப் பாத்துப்போட்டு வந்தரலாமுங்க. திங்கக்கிழமை துணி வெட்டோணும்."

ஆடி மாதம். மேலே போகப் போகக் காற்று ஆளைத் தள்ளியது. செல்வராஜின் குடை பாதி வழியிலேயே கையை விட்டுப் பறந்து பள்ளத்தில் விழுந்தது. மழை, அட்டைக்கடி, வழுக்குப் பாறை... மூன்று மணி நேர நடை.

டென்ட் அடித்ததும் நாங்கள் செய்த முதல் காரியம் — பாய்க்கு நல்ல மூலையாகப் பார்த்துக் கொடுத்தது. வயதில் பெரியவர், தைத்தவர்... மரியாதை வேண்டாமா? அந்த மூலையில் மட்டும்தான் துணி ஒரே துண்டு. மற்ற இடமெல்லாம் ஒட்டுத் தையல். சாயங்காலம் மழை வலுத்ததும் தையல் நெடுகத் தண்ணீர் இறங்கியது.

"ஏனுங்க, உங்க பக்கம் ஒழுகுதுங்களா?" என்று கேட்டார் பாய்.

நான் செல்வராஜைப் பார்த்தேன். செல்வராஜ் என்னைப் பார்த்தார்.

"சேச்சே... சொட்டுக்கூட இல்லீங்க பாய்!" என்றோம் இருவரும்.

அவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். நாங்கள் விடியும்வரை புரண்டோம். காலையில் பாறைக்குப் பின்னால் போய் பனியனைப் பிழிந்தோம்.

இறங்கும்போதுதான் உறுத்தல் ஆரம்பித்தது. திங்கட்கிழமை இதே தையலில் பன்னிரண்டு டென்ட்! முதல் மழையிலேயே அத்தனை பிள்ளைகளும் நனைவார்கள். ஆர்டரும் போகும், பாயின் பெயரும் கெடும். சொல்லிவிடலாமா? வாயைத் திறப்பேன்... காற்றைப் பற்றி ஏதோ பேசிவிட்டு மூடிக்கொள்வேன். முன்னால் பாய் டென்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு உற்சாகமாக இறங்கிக்கொண்டிருந்தார். எனக்கோ நிலைகொள்ளவில்லை. நம்மூர் மரியாதையின் மேல் எனக்கு அவ்வளவு கோபம் என்றைக்கும் வந்ததில்லை.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்ததும் போட்டு உடைத்தேன். "பாய்... ராத்திரி பூரா ஒழுகுச்சுங்க."

அவர் முகம் வாடும் என்று நினைத்தேன். வாடவில்லை, சிவந்தது. பையைத் திறந்து ஒரு மெழுகுக் கட்டியையும் கோணி ஊசியையும் எடுத்து என் மடியில் வைத்தார்.

"இதெல்லாம் எதுக்குங்க தூக்கிட்டு வந்தேன்? ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தையல் மேல மெழுகைத் தேச்சு அப்பவே பாத்திருப்பனுங்க. நல்லாருக்குதுன்னு சொல்றதுக்கு எங்கூட்டுலயே ஆளிருக்குது. அதுக்கு நீங்க எதுக்குங்க?"

நல்லவேளை, அதற்குள் பஸ் வந்துவிட்டது.

துணி வெட்டுவதைத் தள்ளிப்போட்டுவிட்டார். இந்தச் சனிக்கிழமை மறுபடியும் மலை — மரியாதையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்!