குப்பை இறங்கியது, ஆள் இறங்கவில்லை

1. கவுண்டர்

அன்றைக்குக் குப்பைக் கணக்கு சரியாக இருந்தது. ஆள்தான் ஒன்று குறைந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

மலேசியாவில் குளுவாங் வட்டாரத்தில், ஒரு மலையடிவாரக் கவுண்டரில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். சேர்ந்த புதிதில் ஏறுகிறவர்களின் பெயரை எழுதுவதும், இறங்கியதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பட்டியலில் பெயரை அடித்துவிடுவதும்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமையில்கூட முப்பது பேர் வந்தால் அதிகம். மீதி நேரம் காட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பிறகு கையில் போனோடு ஏறுகிற காலம் வந்தது. உச்சியில் மேகத்துக்கு நடுவே யாராவது நிற்கிற படம் பரவினால் போதும், அடுத்த வாரம் கார் நிறுத்த இடமிருக்காது. கயிறு பிடித்து ஏறும் பாறையில் வரிசை ஒரு மணி நேரம் நகராது. காத்திருக்கிறவர்கள் தின்பார்கள், தின்ற தாளைப் பாறை இடுக்கில் செருகுவார்கள். அதனால் ஆளுக்கொரு பாரம், அதாவது படிவம், புதிதாக வந்தது. கொண்டுபோகும் புட்டி, மிட்டாய்த் தாள், மீ நூடுல்ஸ் பாக்கெட் எல்லாவற்றையும் எழுத வேண்டும். இறங்கியதும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் மெல்ல நின்றுபோனது. நேரமில்லை.

நான் அந்த மலையில் ஏறியதில்லை. பாலோ ஊர்ப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவள் நான். மழை விட்ட காலையில் அங்கிருந்து மலைகள் நீலமாகத் தெரியும். கோயிலுக்குப் போகிற வழியில் நின்று நின்று பார்ப்பேன், அம்மா கையைப் பிடித்து இழுப்பார். இந்த வேலை கிடைத்தபோது சம்பளத்தைவிட அதுதான் சந்தோஷம், இனி ஏறிவிடலாம் என்று. ஆனால் கூட்ட நாளில் கவுண்டரை விட முடியாது. கூட்டமில்லாத நாளில் வீட்டில் பிள்ளைகள். சூப்பர்வைசரிடம் கேட்டால், "அடுத்த மாசம் பாத்துக்கலாம் லா ரோசி, மல எங்க போவப் போவுது?" என்பார்.

2. அந்த ஞாயிறு

பள்ளி விடுமுறை. ஜொகூர் பாரு தொழிற்சாலை ஒன்றிலிருந்து பதினாலு பேர் காலையிலேயே ஏறினார்கள். குமார் என்பவர் தலைவர். நாலு மணிக்கு இறங்கியபோது கவுண்டர் முன்னால் அறுபது எழுபது பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். குமார் பதினாலு பாரங்களையும் ஒரு பெரிய குப்பைப் பையையும் மேசையில் வைத்தார்.

"எல்லாம் இருக்குக்கா. சீக்கிரம் பாருங்க லா, பின்னாடி ஜேம் ஆவுது."

எண்ணினேன். ஒரு தாள்கூடக் குறையவில்லை. பாரங்களில் சாப் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு எடுத்துவைத்தேன். நாலு காரில் கிளம்பிப் போனார்கள்.

ஐந்து மணி தாண்டி வாசலைக் கூட்டினேன். பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு. காலையில் குமார் குழுவில் ஓர் அம்மா அங்கே உட்கார்ந்து செருப்பைக் கழற்றிச் சப்பாத்து மாட்டினார். நாடா அறுந்துபோய் என்னிடம் கயிறு வாங்கிக் கட்டிக்கொண்டார். மறந்துவிட்டார் என்று நினைத்து எடுத்து வைக்கப் போனேன். கை நின்றுவிட்டது. சப்பாத்தை மாற்றாமல் எப்படிப் போனார்? சேறு படிந்த சப்பாத்தோடு யார் காரில் ஏறுவார்கள்?

பாரத்தில் இருந்த எண்ணில் குமாரைக் கூப்பிட்டு, நாடா அறுந்த அம்மா யார் காரில் என்று கேட்டேன். அதற்குள் ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

"சாந்தியாக்கா? லீலா காருல வராங்கக்கா."

"லீலாவக் கேட்டுச் சொல்லுங்க. இப்பவே."

இரண்டு நிமிஷத்தில் திரும்ப அழைத்தார். குரல் மாறியிருந்தது. "அலமாக்... யாரு காருலயும் இல்லக்கா."

ரேஞ்சர் ரஹ்மானை வாக்கி-டாக்கியில் பிடித்தேன். கடைசியாக எங்கே பார்த்தார்கள் என்று கேட்டார். நான் குமாரைக் கேட்டேன்.

"வேரு ரெண்டு மேல ஏறி, வளைஞ்சி நிக்குமே ஒரு மரம், அதுக்கிட்ட."

நடந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த மரம் அது. எனக்குத் தெரியவில்லை. கயிற்றுப் பாறைக்கு மேலேயா, கீழேயா? அத்தனை வருஷமாக நான் பார்த்தது பாதையின் முதல் இருபது படிதான். "மேலே இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். ரஹ்மான் மேலே போய்த் தேடி, பிறகு கீழே வந்தார். அரைமணி நேரம் வீண். வாசலிலேயே நின்று செபம் சொன்னேன். வார்த்தைகள் கோர்வையாக வரவில்லை.

இருட்டுவதற்குச் சற்று முன்னால் ரஹ்மான் தோளைப் பிடித்துக்கொண்டு சாந்தி நொண்டி வந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. சுடு மைலோ கொடுத்தேன்.

"வேகமா வரவங்களுக்கு ஒதுங்கி வழி விட்டேன்க்கா. ஒரு குரூப்பு போனா இன்னொரு குரூப்பு. நின்னுக்கிட்டே இருந்தேன். அப்புறம் பாத்தா தெரிஞ்ச மொகம் ஒண்ணுமில்ல. பக்கத்துல ஒரு வழி. டிஷ்யூ, புட்டியெல்லாம் கெடந்துச்சி. ஆளுங்க போற வழிதானேன்னு எறங்கிட்டேன்."

வரிசையில் நிற்கப் பொறுக்காதவர்கள் மிதித்து உண்டாக்கிய குறுக்குவழி அது. ஓடைச் சரிவில் முடியும், அங்கேதான் சாந்தி இடறி விழுந்து கிடந்தார் என்று ரஹ்மான் சொன்னார். சாந்தியின் குப்பையை மதியம் சாப்பிட்ட இடத்திலேயே குமார் வாங்கிப் பையில் போட்டிருந்தார்.

சாந்தி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை.

"நா வரலன்னு யாருக்குமே தெரியலயாக்கா?"

பாரத்தில் என் கையெழுத்து இருந்தது.

3. பிறகு

மறுநாள் சூப்பர்வைசரிடம் நானே போய்த் தப்பைச் சொன்னேன். திட்டினார். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது திரும்ப வந்தது, முதலில் ஆள், பிறகு குப்பை என்று. வரிசை நீண்டது; நிறையப் பேர் முறைத்தார்கள்.

வேலையை விட்ட பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை ரஹ்மானோடு ஏறினேன். வளைந்த மரத்தைத் தொட்டுப் பார்த்தேன். அது கயிற்றுப் பாறைக்குக் கீழேதான் இருந்தது. பாறைவரை போனேன். முழங்கால் அதற்கு மேல் வரவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் ஒருவரும் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், நின்றேன். ரஹ்மான் அவசரப்படுத்தவில்லை.

கவுண்டரில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பாரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைப் பாருங்கள். சேர்ந்த மாதமே, கால் நன்றாக இருக்கும்போதே, ஒரு தடவை உச்சிவரை போய்வந்துவிடுங்கள். அங்கிருந்து என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் உங்களுக்குச் சொல்லத் தெரிய வேண்டும்.

எனக்குத் தெரியாது.