ரோமில் ஆண்டிச்சாமிக்கு வைத்த சோறு

மாட்டை விற்ற காசில் மாட்டுத்தீவனக் கடை வைத்த ஒரே ஆள் உசிலம்பட்டியில் காசிமாயன்தான். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் சந்தையில் கிடையாது. அவருடைய அப்பா ஆண்டிச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. தன்னைக் கேட்காமல் உழவு மாடு இரண்டையும் ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு, புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவில் கல்லாப்பெட்டியோடு உட்கார்ந்துவிட்ட மூத்த மகனிடம் அன்றோடு பேச்சை நிறுத்தினார்.

பேச்சை மட்டும் நிறுத்தியிருந்தால் பரவாயில்லை, சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். இளையவன் பேச்சிமுத்து வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, காசிமாயன் வீட்டு வாசலைக் கடக்கும்போது மறக்காமல் ஓர் ஏப்பம் விடுவார். அது தானாக வரும் ஏப்பம் இல்லை, அங்கே வரும்வரை அடக்கி வைத்து விடுகிற ஏப்பம் என்று காசிமாயனின் மனைவி தமிழ்ச்செல்வி அடித்துச் சொல்வாள். கறிக்குழம்பு வைத்துத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினால், மூடியைக்கூடத் திறக்காமல் திரும்பி வரும். இந்த வீம்போடேயே ஆண்டிச்சாமி ஒருநாள் செத்தும் போனார்.

செத்த பிறகுதான் அவர் மனசு மாறியது. முதல் வருசத் திதியன்று காசிமாயன் மொட்டைமாடியில் இலை போட்டுச் சோறு வைத்து, "கா" என்று பாதி கூப்பிடுவதற்குள் ஒரு காக்கா வந்து இறங்கிவிட்டது. சோறு, குழம்பு, முட்டை என்று வரிசை தவறாமல் தின்றது. அடுத்தடுத்த வருசமும் அப்படியே. உயிரோடு இருந்தவரை அந்த வீட்டில் கையை நனைக்காத மனுசன், வருசத்துக்கு ஒருநாள் மாடிக்கு வந்து மூத்தவன் சோற்றைத் தின்றுவிட்டுப் போகிறார். அந்த ஒருநாள் காசிமாயனுக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம். காக்கா வாய் வைக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

அப்படிப்பட்டவரைத்தான் தீவனக் கம்பெனிக்காரன் ரோமுக்குக் கூட்டிக்கொண்டு போனான். டார்கெட்டுக்கு மேலே மூட்டை விற்றவர்களுக்குப் பெண்டாட்டியோடு இத்தாலி பார்க்கும் யோகம். கிளம்பும் தேதியைப் பார்த்ததும் காசிமாயனுக்கு முகம் தொங்கிப்போனது. திதி பயணத்தின் நடுவில் விழுந்தது.

"நான் வரல. ரோமா இருந்தாலும் சரி, சொர்க்கமா இருந்தாலும் சரி, அந்த நாளு நான் நம்ம மாடியில நிக்கணும்" என்றார்.

"காக்கா இல்லாத ஊரு எங்க இருக்கு? அரிசி நான் கொண்டு வாரேன். கெளம்புங்க" என்றாள் தமிழ்ச்செல்வி. அவள் ஏற்கனவே ரெண்டு ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள்.

கம்பெனிக்காரன் அனுப்பிய போட்டோவில் ஓட்டலுக்கு நீச்சல்குளம் இருந்தது. நேரில் ஒரு லிஃப்ட் மட்டும் இருந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. சந்துக்குள் ஒரு பழைய கட்டடம். அதில் மூன்றாவது மாடி மட்டும் ஓட்டல். மற்ற மாடிகளில் யார் யாரோ குடியிருந்தார்கள். லிஃப்ட் கோழிக்கூண்டு மாதிரி கம்பி போட்டு இருந்தது. மதுரை காளவாசலில் ஷேர் ஆட்டோ ஏறிப் பழகியவர்கள் ஆனதால், மூன்று பேர் போகும் லிஃப்டில் ஐந்து பேரும் ஆறு பெட்டியும் ஏறினார்கள். லிஃப்ட் ஏறவில்லை.

அறை, ஒரு பசுவும் கன்றும் தாராளமாக நிற்கும் அளவு. கட்டிலை விட்டு இறங்கினால் குளியலறைக்குள்தான் கால் வைக்க வேண்டும். குளியலறையில் முழங்கால் உயரத்தில் இன்னொரு பீங்கான் தொட்டி இருந்தது. வெளியே போய்விட்டு வந்தால் கால் கழுவத்தான் இதை வைத்திருக்கிறான் என்று முடிவு செய்த காசிமாயனுக்கு இத்தாலிக்காரன் மேல் பெரிய மரியாதை வந்தது. அது உட்கார்ந்து பின்பக்கம் கழுவும் தொட்டி என்று கடைசிவரை தெரியாமல், மூன்று நாளும் மறக்காமல் கால் கழுவினார்.

தமிழ்ச்செல்வி கண்ணில் பட்டது குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தொங்கிய கயிறு. துணி காயப்போடக் கொடி கட்ட வந்தவன் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று இரக்கப்பட்டு, அவளே அதை இழுத்து ஜன்னல் கொண்டியில் முடிந்து ஈரச் சேலையைப் போட்டாள். அது வழுக்கி விழுந்தவர்கள் ஆபத்துக்கு இழுக்கும் கயிறு. கீழே மணி அலறி, வரவேற்பில் இருந்த கார்லா என்கிற அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஒல்லியான தேகம், கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் கண்ணாடி. விழுந்து கிடக்கும் ஆளைத் தேடி வந்தவள் கொடியில் தொங்கும் சுங்குடிச் சேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்றிலிருந்து அந்த அறைக்காரர்கள் நடமாட்டத்தில் அவளுக்கு ஒரு கண்.

திதி அன்று காலையில் தமிழ்ச்செல்வி குட்டிக் குக்கரைக் குளியலறைக்குள் வைத்து, கதவிடுக்கில் துண்டைச் செருகிச் சோறு பொங்கினாள். அறையில் சமைக்கக் கூடாது என்று சுவரில் படம் போட்டு எழுதியிருந்தான். குளியலறையில் கூடாது என்று எழுதவில்லையே என்பது அவள் கட்சி. பருப்புப்பொடி, நெய், ஓட்டலின் காலைச் சாப்பாட்டில் இருந்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்த ரெண்டு அவித்த முட்டை. ஆண்டிச்சாமிக்கு முட்டை என்றால் உயிர்.

வாழையிலைக்கு எங்கே போவது? காகிதத் தட்டில் பாதிச் சோறும் ஒரு முட்டையும் எடுத்து, உள்முற்றத்தைப் பார்த்த ஜன்னல் கட்டையில் வைத்தார் காசிமாயன். பக்கத்து அறையில் இருந்து பேரையூர் தீவனக் கடை அழகுமலையும் வந்து சேர்ந்தார். கூட வந்த மற்ற கடைக்காரர்கள் பஸ் ஏறிப் பழைய கோட்டை கொத்தளம் பார்க்கப் போய்விட்டார்கள்.

"நீ போகலையா மாப்ள?" என்றார் காசிமாயன்.

"இடிஞ்ச செவத்தப் பாக்க இம்புட்டுத் தூரம் வரணுமா? எங்க பழைய வீட்டுல அம்புட்டும் இடிஞ்ச செவருதான். நான் பெரியவரு வாரதப் பாக்கப் போறேன்."

"கா, கா" என்றார் காசிமாயன்.

புறா வந்தது. விரட்டினார்கள். இன்னும் நாலு புறா வந்தது. காசிமாயன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் அதை உசிலம்பட்டி நேரத்திலேயே விட்டு வைத்திருந்தார். அங்கே உச்சிப்பொழுது தாண்டிவிட்டது.

"பேச்சிமுத்து இந்நேரம் எலை போட்டுருப்பான்" என்றார். "இருந்தப்பவும் அங்கதான் தின்னாரு. இன்னைக்கும் அங்க தின்னுட்டாருன்னா, பெறகு இங்க எங்குட்டு வருவாரு?"

"அம்புட்டுக் கடலையும் தாண்டி வந்தா செமிச்சுப் போகும் மாப்ள. பசியோடதான் வருவாரு."

"வெளையாடாத."

"நான் ஏன் வெளையாடுறேன். வழியில துபாயில எறங்கி ஏறணும்ல, அதான் லேட்டு."

அப்போது வெள்ளையாக ஒன்று வந்து இறங்கியது. கடல்பறவை. வாத்து அளவு இருந்தது. தட்டில் கால் வைத்து நின்று, முட்டையை ஒரே முழுங்கு. சோற்றை நாலே அள்ளு. தட்டைக் கவ்விக்கொண்டு முற்றத்துக்கு மேலே எழும்பிப் போய்விட்டது.

மூன்று பேரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

"இது ஆருண்ணே?" என்றாள் தமிழ்ச்செல்வி மெதுவாக.

"இந்த ஊருப் பெரியவரு யாரோ" என்றார் அழகுமலை. "பந்தி மாறி உக்காந்துட்டாரு."

காசிமாயன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, சந்தையில் ஏலம் கூறுகிற குரலில் "கா, கா" என்று கத்த ஆரம்பித்தார். நாலு பக்கமும் ஜன்னல் திறந்தது. இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டுத் தூங்கிய யாரோ இத்தாலியில் என்னவோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை.

கதவு தட்டப்பட்டது. கார்லா. உள்ளே வந்ததும் சோற்று வாசனையை மோந்தாள். காலியான ஜன்னல் கட்டையைக் காட்டி எதையோ கேட்டாள். அழகுமலை தன் போனை எடுத்து, தமிழில் பேசினால் இத்தாலியில் சொல்லும் செயலியைத் திறந்து காசிமாயன் வாய்க்கு நேரே பிடித்தார்.

காசிமாயன் கலெக்டரிடம் மனு கொடுப்பதுபோல நிமிர்ந்து நின்றார். "என் அப்பா இன்று சாப்பிட வருகிறார்."

போன் சொன்னது. கார்லா தலையை ஆட்டி மறுத்து, போனில் வேகமாகப் பேசினாள். போன் தமிழில் சொன்னது: "இந்த அறை இருவருக்கு மட்டுமே. மூன்றாம் நபர் வந்தால் பாஸ்போர்ட் காட்டிப் பதிவு செய்ய வேண்டும்."

"பாஸ்போர்ட்டா?" என்றார் அழகுமலை. "ரேஷன் கார்டுலயே பேர எடுத்தாச்சே."

காசிமாயன் தொண்டையைச் செருமினார். "என் அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன."

அதையும் போன் சொன்னது. கார்லா போனைப் பார்த்தாள். காசிமாயனைப் பார்த்தாள். குளியலறைக் கதவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மெதுவாக ஏதோ கேட்டாள்.

"எத்தனை மணிக்கு வருவார்?" என்றது போன்.

இதற்கு மேல் போனை நம்பிப் பயனில்லை என்று தமிழ்ச்செல்வி முன்னால் வந்தாள். தன் கறுப்புக் குடையைத் தொட்டு நிறத்தைக் காட்டினாள். ரெண்டு கையையும் அடித்துப் பறந்தாள். தட்டில் கொத்துவதுபோல் குனிந்தாள். கடைசியாகப் புருசனைக் காட்டி, அவர் வயிற்றைத் தட்டி, வெறும் வயிறு என்று கையை விரித்தாள். உண்மையில் அந்த மனுசன் சர்க்கரை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னவும் முடியாமல் மாத்திரை போடவும் முடியாமல் நின்றார்.

கார்லாவுக்கு எவ்வளவு புரிந்தது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவள் சிரிக்கவில்லை. முற்றம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் பாத்தியம், சத்தம் போட்டால் அவர்கள் புகார் எழுதுவார்கள் என்று போன் வழியாகச் சொன்னாள். இடுப்புச் சாவிக்கொத்தில் இருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்து, விரலை மேலே காட்டினாள்.

"மாடிக்குப் போங்கள். என் விரிப்புகளில் சோறு படக்கூடாது" என்றது போன்.

மொட்டைமாடி என்றதும் காசிமாயனுக்குப் பாதி உயிர் வந்தது. மேலே வெள்ளை விரிப்புகள் கொடியில் காய்ந்தன. கண்ணுக்கு எட்டியவரை ஆன்டெனா, கோவில் மாதிரி கோபுரம், ஓட்டுக்கூரை. குக்கரில் இருந்த கடைசிச் சோறு, கடைசி முட்டை. இதுவும் போனால் வைக்க வேறில்லை. அழகுமலை குடையை விரித்துப் பிடித்துக் கடல்பறவைகளை விரட்டும் வேலையை ஏற்றுக்கொண்டார்.

காசிமாயன் இந்தத் தடவை கத்தவில்லை. சாதாரணமாக, வீட்டுக்குள் இருக்கும் ஆளைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல, "கா" என்றார்.

எதிர் ஆன்டெனாவில் ஒன்று வந்து உட்கார்ந்தது. தலை கறுப்பு, இறக்கை கறுப்பு, வாலும் கறுப்பு. உடம்பு மட்டும் சாம்பல் நிறம். குளிருக்குக் கையில்லாத ஸ்வெட்டர் போட்ட மாதிரி.

"இது காக்காதானா?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"மூக்கு காக்கா மூக்கு" என்றார் அழகுமலை. "ஒடம்புதான் வெளுத்துருக்கு."

காசிமாயன் மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிற கண்ணால் அதை மேலும் கீழும் பார்த்தார். "மயிலைக் காக்கா" என்றார். "சாம்பல் நெற மாட்ட மயிலைன்னு சொல்றதில்லையா? அது மாதிரி."

அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. வீடியோவில் பேச்சிமுத்து. வாடிப்போன முகம். பின்னால் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து கிடந்தார்கள்.

"அண்ணே, எலை போட்டு எம்புட்டு நேரமாச்சு. ஒரு காக்காயும் வரல. தொண்டை கிழிய கூப்புட்டாச்சு. பிள்ளைக பசியில சுருண்டு கெடக்குதுக. அங்க எதுவும் வந்துச்சா?"

காசிமாயன் முகத்தில் ஒரு சந்தோசம் முளைத்தது. அதை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "வரலையா? ஒண்ணுமே வரலையா?"

"ஒண்ணுகூட வரலண்ணே."

"கெளம்பி இங்க வந்துட்டாருடா" என்றார். "தம்பி வீட்ட விட்டுட்டு, என்னையத் தேடி வந்துட்டாரு."

மயிலைக் காக்கா ஆன்டெனாவை விட்டு இறங்கியது. தட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தது. சோற்றை ஒதுக்கிவிட்டு நேரே முட்டையைக் கொத்தியது. காசிமாயன் போனைத் திருப்பிக் காட்டக்கூட மறந்து நின்றார். தமிழ்ச்செல்வி மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் அவர் கையில் திணித்தாள். அவர் குடித்தார். கண்ணில் இருந்தும் கொஞ்சம் வந்தது. அழகுமலை குடையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வராத கடல்பறவையை விரட்டினார்.

போனில் ஒரு பிள்ளை பசியில் சிணுங்கியது. காசிமாயன் அதைக் கேட்டார். சந்தோசம் முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் கொஞ்சம் வெட்கப்பட்டது. தட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"போதும்ப்பா" என்றார் காக்காயிடம். "மிச்ச வயித்தத் தம்பி வீட்டுக்கு வச்சுக்கங்க. பிள்ளைக பட்டினியா இருக்குதுக. ஒரு எட்டு அங்கயும் போயிட்டு வந்துருங்க."

காக்கா தலையைச் சாய்த்து அவரை ஒரு பார்வை பார்த்தது. மிச்ச முட்டையைக் கவ்விக்கொண்டு எழும்பி, நாலு வீடு தள்ளி ஒரு கோபுரத்தில் போய் உட்கார்ந்து நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது. அங்கிருந்து கிளம்பும் எண்ணம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

"அண்ணே, என்னாச்சு?" என்றான் பேச்சிமுத்து.

காசிமாயன் கோபுரத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். தட்டில் இருந்த சோற்றில் ஒரு வாய் அள்ளிப் போட்டபடி சொன்னார்.

"இந்தா கெளம்பிட்டாரு. எலைய எடுத்துராத. பிள்ளைகளுக்கு மொதல்ல ஆளுக்கு ஒரு வாய் குடு, அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."