டம்ளர் பூமி

மதுக்கரைக் கனகக்காவுக்குப் பள்ளிச் சுவர்களில் படம் வரைவதுதான் தொழில். பை நிறைய வீட்டுப் பாத்திரங்களோடு வருவார். சுவரில் அண்டா மூடியை வைத்துக் கோடு இழுத்தால் சூரியன். சோற்றுத் தட்டு வியாழன், போசி சனி, டம்ளர் பூமி. வரைந்து முடித்ததும் மூலையில் தன் பெயரை எழுதுவார்.

புளூட்டோ கிரகமில்லை என்று ஆனபோது, யாரும் கூப்பிடாமலே கோபி வரைக்கும் பஸ் ஏறிப் போய், தான் வரைந்திருந்த சுவர் சுவராக அதை அழித்துவிட்டு வந்தவர். தன் படத்தில் தப்பே வராது என்பதில் அவருக்கு அப்படியொரு திமிர். எனக்கு அந்தத் திமிர் பிடிக்கும்.

நான் வேலை பார்க்கும் பள்ளியில் படம் முடிந்தது. அக்கா பெயர் எழுதப் போகும்போது தலைமையாசிரியை சாஜிதா பேகம், படம் அழகு, அளவுதான் இடிக்கிறது என்று மெல்ல ஆரம்பித்தார். அக்காவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. தப்பென்று காட்டினால் இனி எந்தச் சுவரிலும் தன் பெயரை எழுதமாட்டேன் என்றுவிட்டார்.

மேடம் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு துவரம்பருப்பை எடுத்துவந்தார். சூரியன் இந்த மூடி என்றால் பூமி இந்தப் பருப்பு. அது இருக்க வேண்டியது எதிர்ச்சாரி பேக்கரி வாசலில். டம்ளர் அளவு வியாழனுக்குத்தான் சரி, அதுவும் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி. நெப்டியூன் ஒரு சிறு நெல்லிக்காய், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளி.

அக்கா நம்பவில்லை. என் ஸ்கூட்டரில் ஏறி, மீட்டரையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு கிலோமீட்டர் ஓடியபோது ரயில்வே கேட் வந்திருந்தது. இறங்கித் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடமே தெரியவில்லை.

“நடுவுல ஒண்ணுமே இல்லியா கண்ணு?”

அங்கங்கே ஏழு பொடிசுகள், மற்றபடி வெறும் காலி என்றேன். அக்கா வெளிறிப்போய் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாத்தையும் பக்கத்துப் பக்கத்து ஊடு மாதிரி வெச்சுப்போட்டனே.”

பள்ளிக்குத் திரும்பி வந்ததும் பாத்திரங்களைப் பையில் போட்டார். சொன்னபடி பெயர் எழுதாமல் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தோம். பிரஷ்ஷை எடுத்து, ‘இந்தப் படம் அளவுப்படி இல்லை. பூமி ஒரு துவரம்பருப்பு, பேக்கரி வாசலில் இருக்கிறது’ என்று எழுதினார். அதற்குக் கீழே தன் பெயரை வழக்கத்தைவிடப் பெரிதாக எழுதினார்.

பிறகு மேடத்திடம் திரும்பினார்.

“ஏனுங்க மேடம், கோபிக்கு மொத பஸ் எத்தன மணிக்குங்க?”