எதிர்வீட்டு பி.பி. நம்பர்

முதல் வீட்டில் ஒரு அம்மா முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்து, "வீட்டில் டெலிபோன் இருக்கிறதா?" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாசித்தேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே "இருக்கு" என்றார். அடுத்த வீட்டில் தையல் மெஷினை மிதித்தபடியே ஒருவர் "இருக்கு" என்றார். அதற்கடுத்தது மழை வந்தால் அடுக்களைப் பாத்திரம் எல்லாம் நடுவீட்டுக்கு வந்து ஒழுகலுக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும் வீடு. மில்லில் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்திருந்த அந்த வீட்டுக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "போனா? இருக்குல்லா. நம்பர் சொல்லணுமா?" என்று மனப்பாடமாக ஒப்பித்தார். தெரு முழுக்க அப்படித்தான். எல்லாரும் ஒப்பித்தது ஒரே நம்பரை. எனக்கு அதில் ஒரு ஆச்சரியமும் இல்லை. ராஜபாளையத்தில் அது நான் பிறந்து வளர்ந்த தெரு. வேலைக்கு மனுப் போடும்போதெல்லாம் நானும் அதே நம்பரைத்தான் எங்கள் வீட்டு நம்பராக எழுதிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சிறிய ஊர்களில் எந்தெந்த வீட்டில் ரேடியோ இருக்கிறது, டி.வி. இருக்கிறது, போன் இருக்கிறது என்று கணக்கெடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு நிறுவனம் ஆள் எடுத்தது. பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அந்தத் தற்காலிக வேலை கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மம்சாபுரத்திலும் வெயிலில் அலைந்து முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் சொந்தத் தெருவுக்கு வந்தேன். தாள்களை வாங்கிப் பார்த்த மேற்பார்வையாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஏம்மா, வீடு வீடாப் போனீங்களா, இல்ல டீக்கடையில உக்காந்து எழுதினீங்களா? எல்லா வீட்டுக்கும் ஒரே நம்பரா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்து பாருங்கள் சார் என்று கூட்டிக்கொண்டு போய்த் தெருவிலேயே நிறுத்திவிட்டேன். அவரே கேட்டார். அவரிடமும் எல்லாரும் இருக்கு என்றுதான் சொன்னார்கள். "வீட்டுக்குள்ள மெஷின் இருந்தாத்தாம்மா இருக்குன்னு அர்த்தம்" என்று சிரித்துக்கொண்டே ஒரு வீட்டைத் தவிர மற்றதெல்லாம் 'இல்லை' என்று திருத்தினார். திருத்தி முடித்ததும் மெட்ராஸ் ஆபீஸுக்கு அவசரமாகப் பேச வேண்டும், இங்கே பக்கத்தில் போன் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கு சார் என்று சொல்லி அந்த ஒரு வீட்டுக்குத்தான் அழைத்துப் போனேன். போன மனுஷர் லைன் கிடைக்காமல், திரும்பக் கூப்பிடச் சொல்லி ஆபீஸுக்குத் தந்தியில் அந்த நம்பரையே கொடுத்துவிட்டு வந்தார்.

அது எங்கள் எதிர்வீட்டு மதினியின் வீடு. உறவு என்று ஒன்றும் இல்லை. அவர் வாழ வந்த நாளிலிருந்து எனக்கு அவர் மதினி. அவர் வீட்டுக்காரர் நூல் தரகர். கோயம்புத்தூருக்கும் ஈரோட்டுக்கும் பேச வேண்டிய தொழில் என்பதால் எண்பதுகளிலேயே, எழுதிப் போட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்து, போன் வாங்கினார். வாங்கி அதை ஆசைதீரச் சுற்றுவதற்குள் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளை இல்லை. சேத்தூரில் இருந்த அண்ணன்மார் எப்போதாவது பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பெரிய வீட்டில் மதினியும் அந்தக் கறுப்பு போனும்தான்.

எங்கள் பக்கத்தில் அப்போது புருஷனை இழந்த பெண்ணை எப்படி நடத்தினார்கள் என்று இப்போது சொன்னால் வெட்கமாக இருக்கிறது. யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார்கள். வண்டி கட்டி நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதிர்வீட்டுக் கதவு திறக்கிறதா என்று ஒரு தரம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அது மதினிக்கும் தெரியும். அதனால் காலையில் தெரு கிளம்பி முடிகிறவரை கதவைத் திறக்கமாட்டார். ஆனால் போன் மணி அடித்தால் அதெல்லாம் மறந்துபோகும். தெருவில் அத்தனை பேரும் வெளியூர் உறவுக்கு அந்த நம்பரைக் கொடுத்து, பின்னால் பி.பி. என்று இரண்டு எழுத்தையும் போட்டிருந்தார்கள். போன் நம்முடையது அல்ல, எடுக்கிறவர் நம்மைக் கூப்பிட்டு விடுவார் என்பதற்கு அடையாளம் அது. கல்யாணப் பத்திரிகையில், கடை ரசீதில், சாமியார்மடத்து நன்கொடை அட்டையில்கூட மதினியின் நம்பர் பி.பி. போட்டு இருந்தது.

நல்ல சேதி என்றால் மதினி வாசற்படியில் நின்று தெருவே கேட்கச் சத்தம் போடுவார். "ஏட்டி, கோயம்புத்தூர்ல இருந்து போனு! ஓடியாட்டி!" சேதி என்னவென்று சொல்லமாட்டார். பேறுகாலமோ வேலை கிடைத்ததோ, பேசுகிறவர்கள் அவசரத்தில் அவரிடமே கொட்டியிருப்பார்கள். ஆனாலும் உரியவர் காதால் கேட்கட்டும் என்று வாயை இறுக்கிக்கொண்டு நிற்பார். முகத்தில் மட்டும் சிரிப்பு வழியும். கெட்ட சேதி என்றால் சத்தமே வராது. படியிறங்கி, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, அந்த வீடு வரைக்கும் நடந்தே வருவார். அதனால் மதினி படியிறங்குகிறார் என்றால் தெருவே அப்படியே நின்றுவிடும். ஒரு தடவை எங்கள் வீட்டை நோக்கி வந்தார். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். மதினி வந்தது கொஞ்சம் உப்பு கேட்க. "பாவி, கூப்பிட்டிருந்தாக் கொடுத்துவிட்டிருப்பேம்லா, இப்படியா வந்து பயங்காட்டுவ?" என்று அம்மா வைதாள். மதினி அன்று சிரித்த சிரிப்பை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

கணக்கெடுப்பு நடந்த அந்தச் சமயத்தில்தான் போனுக்கு ஆபத்து வந்தது. மதினியின் கொழுந்தனார் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்தார். அண்ணன் பெயரில் வாங்கிய போன், வீட்டில் கிடந்து என்ன செய்யப் போகிறது, கடைக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றார். கெட்டவர் இல்லை. மாதம் தவறாமல் அரிசி மூட்டை இறக்கிவிட்டுப் போகிறவர்தான். "மதினிக்கு எதுக்கு போனு? அவியளுக்குன்னு யாரு கூப்பிடப் போறா? ஊரான் போனுக்கு ஓடி ஓடிக் காலுதான் தேயுது" என்று என் அப்பாவிடம் நியாயம் பேசினார். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் நான் போனபோது மதினி போனை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிடுவீர்களா என்று கேட்டேன். "அவிய வீட்டுப் பொருளு. கேட்டா இல்லன்னா சொல்ல முடியும்?" என்றார். துணியை மடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "இது இருக்கங்காட்டிதான் இந்த வாசல்ல நாலு பேரு ஏறுதாவ. நல்ல சேதி எல்லாம் மொதல்ல என் காதுல விழுந்துட்டுதான் தெருவுக்குப் போவுது. பொறவு என்ன இருக்கு, சொல்லு." கதவுக்குப் பின்னால் நிற்க வைத்த ஒருத்தியிடம் ஊரின் அத்தனை மங்கலமும் முதலில் வந்து நின்றுகொண்டிருந்தது, அதை இத்தனை வருஷமாக எதிர்வீட்டிலிருந்து பார்த்தும் எனக்கு உறைக்கவே இல்லை.

மாற்றுவதற்கு எழுதிக் கொடுக்கும் நேரத்தில் கீரை ஆய்ந்த அம்மா கொழுந்தனாரிடம் போய் நின்றார். மகள் கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது, இந்த நம்பர்தான் போட்டிருக்கிறது, கல்யாணம் முடியட்டும் என்றார். நியாயம்தானே. அவர் தள்ளிப்போட்டார். அந்தக் கல்யாணம் முடிவதற்குள் தையல்காரர் ஒரு பத்திரிகையோடு வந்தார், புதுமனை புகுவிழா. அது முடிவதற்குள் மில்காரர் வீட்டில் காதுகுத்து. காதுகுத்துக்கு யாராவது பத்திரிகை அடிப்பார்களா? அடித்தார்கள். தை மாதத்துக் கல்யாணத்துக்கு ஆவணியிலேயே பத்திரிகை வந்தது. அச்சாபீஸ்காரருக்கு ஏன் இந்தத் தெருவில் மட்டும் இப்படி விசேஷம் பொங்குகிறது என்று புரியவில்லை. எனக்கே மெதுவாகத்தான் புரிந்தது. தெருவில் யாரும் கூடிப் பேசினதாக ஞாபகம் இல்லை. ஒருவர் செய்ததைப் பார்த்து அடுத்தவர் செய்தார், அவ்வளவுதான். மதினி காலையில் கதவைத் திறக்கிறாரா என்று பார்த்த அதே ஜனங்கள்.

கொழுந்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தார். அதற்குள் அவர் மகளுக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. கடைக்கு இன்னும் போன் வராத நிலையில் அவர் பத்திரிகையில் எந்த நம்பரைப் போடுவார்? அவர் பெயருக்குக் கீழேயே மதினியின் நம்பர், பக்கத்தில் பி.பி. தெரு முழுக்க அந்தப் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் நகைக்கும் சேலைக்கும் பந்திக்கும் அந்த நம்பரில்தான் கூப்பிட்டார்கள். கடைக்கு ஆள் விட்டுக் கூட்டிவர நேரமாகும் என்பதால் பாதிப் பேச்சு மதினியோடேயே முடிந்துவிடும். கல்யாணத்தன்று மதினி வழக்கம்போல் மண்டபத்துச் சாமான் அறையில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா மேடையிலிருந்து இறங்கி, "போன்ல பேசுவாங்களே, அந்த அம்மா யாரு? மொகத்தப் பாக்கணும்" என்று ஒவ்வொரு அறையாகத் தேடிக்கொண்டு வந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். கொழுந்தனார் பார்த்தார். தடுக்கவில்லை. பிறகு போனை மாற்றும் பேச்சையும் எடுக்கவில்லை.

இப்போது செய்தித்தாளில் அடிக்கடி ஒரு படம் வருகிறது. உலகத்தில் போனும் இன்டர்நெட்டும் எவ்வளவு பேரைச் சென்றடைந்திருக்கின்றன என்று ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டே போகும். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நடுராத்திரி பிள்ளைக்கு ஜுரம் என்றால் இன்னொருவர் கதவைத் தட்ட வேண்டியதில்லை என்பது சின்ன விஷயமா? அந்தக் கோட்டின் அடிப்பக்கத்தில் எங்கோ, மேற்பார்வையாளர் சிவப்பு மையில் போட்ட எங்கள் தெருவின் 'இல்லை'களும் இருக்கும். அவர் கணக்கு தப்பு என்று சொல்லமாட்டேன். தெரு சொன்ன பதிலும் தப்பில்லை. இரண்டையும் சேர்த்து எழுதுவதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகள் முடிவதற்குள் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத் தெருமுனைக்கு வந்தது. அப்புறம் ஒவ்வொரு வீடாகப் போன் வந்தது. வர வர எதிர்வீட்டு வாசலில் ஏறுகிறவர்கள் குறைந்தார்கள். போனைப் பிடுங்க வந்தவரிடமிருந்து காப்பாற்றிவிட்டோம். எல்லாருக்கும் கிடைத்துவிட்ட போனிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது? மதினி குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு லைன்மேன் வந்து கம்பி இழுத்த அன்று அவர்தான் ஜன்னல் வழியாக, "பாத்து, பாத்து, சன்ஷேடுல தட்டுது" என்று அவருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

லைன்மேன் போனதும் யாருக்கு முதலில் பேசுவது என்று வீட்டில் ஆளாளுக்கு ஒரு ஊர் சொன்னார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. மனப்பாடமாக இருந்தது அந்த ஒரு நம்பர்தான். எதிர்வீட்டில் மணி அடிப்பது தெருவைத் தாண்டி, ரிசீவர் வைக்காத காதிலும் கேட்டது. நெடுநாளாக அடிக்காத போன். மதினி அடுக்களையிலிருந்து ஓடி வந்து எடுத்தார், மூச்சு வாங்கியது.

"அலோ, யாரக் கூப்பிடணும்?"

"யாரையும் கூப்பிட வேண்டாம் மதினி. உங்ககிட்டதான் பேசணும்."

மதினி மெல்லிய குரலில், வேறு யாருடைய போனையோ தெரியாமல் எடுத்துவிட்டவர்போலக் கேட்டார்.

"எனக்கா?"