சாட்சிகளை அழைத்தல்

காணி எல்லை பற்றிய ஆங்கில அறிவித்தல் ஒன்று நேற்று வந்தது. முடிவை ‘கொன்டெஸ்ட்’ செய்வதானால் பதினான்கு நாட்களுக்குள் எழுத வேண்டுமாம். முப்பது ஆண்டுகள் இத்தகைய அறிவித்தல்களை அரசாங்கக் கந்தோரிலிருந்து அனுப்பியவள் நான். அந்தச் சொல்லில் மட்டும் எப்போதும் கை நின்றுவிடும்.

எண்பதுகளின் நடுவில், உரும்பிராய்க்கு அருகே எங்கள் சந்தியில், சிப்பாய்கள் அண்ணையைச் சுட்டார்கள். அவரிடம் குண்டு இருந்ததாக அறிக்கை எழுதினார்கள். இருந்தது கணக்குக் கொப்பி. அறிக்கையை எதிர்க்க வேண்டுமென்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு சட்டத்தரணியிடம் போனார்.

“எதிர்க்கிறதை இங்கிலீசிலை கொன்டெஸ்ட் எண்டுறது, தங்கச்சி. அதின்ரை லத்தீன் வேருக்குச் சாட்சியளைக் கூப்பிடுறது எண்டுதான் கருத்து. உங்களிட்டை ஆர் இருக்கினம்?”

சந்தித் தேநீர்க்கடைக்காரரிடம் போனோம்.

“அக்கா, நான் அப்ப முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணி ஆத்தினனான்.”

மற்றவர்களும் அப்படித்தான். அன்று சந்தி முழுவதுமே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

அண்ணையின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான். “நான் சொல்லுறன், அம்மா,” என்றேன்.

“நீ அண்டைக்குக் காய்ச்சலாய் வீட்டிலை கிடந்தனி,” என்றார் அம்மா.

மரண விசாரணையில், அறிக்கையை எதிர்க்கிறீர்களா என்று நீதவான் கேட்டார். அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி எழுந்து நின்றார்.

“இல்லை, ஐயா.”