முத்துமாரியின் 234

போன ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து முத்துமாரி இறங்கி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

குன்றத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு பெண்கள் குடியிருக்கிறார்கள். அதில் முத்துமாரி தென்காசிப் பக்கம். ஒரகடத்தில், காருக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஐம்பத்து நான்கு வயதான என்னை வாய் நிறைய ‘அக்கா’ என்பாள். பிடிக்காமல் போகுமா?

“அக்கா, நாளைக்கு ஹெச்.ஆர்ல வரச் சொல்லிருக்காவ. நூத்தி நாப்பது கண்ணாடியக் காணோமாம். பெர்மனென்ட் ஆக்குத நேரத்துல வீட்டுக்கு அனுப்பிருவாவ போல…”

விஷயம் இதுதான். ஷிஃப்ட் முடியும்போது தன் மேஜையில் எத்தனை கண்ணாடி மிச்சம் என்று அவள் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை 234 என்று எழுதியிருக்கிறாள். அடுத்த ஷிஃப்ட் எண்ணிப் பார்த்தால் 94. சூப்பர்வைசர் அன்றைக்குத்தான் புதிதாக வந்தவர். “மீதி இன்னாம்மா ஆச்சு?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

“நான் சரியாத்தான்க்கா எழுதினேன்.” கைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து நீட்டினாள். ரிஜிஸ்டரில் எழுதுவதை அதிலும் தினமும் குறித்து வைப்பாளாம்.

எனக்கும் கணக்குக்கும் ஏழாம் வகுப்பிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. இருந்தாலும் பெரிய மனுஷி தோரணையில் புரட்டினேன். 105… 412… 320… 53…

ஏதோ உறுத்தியது. மறுபடி புரட்டினேன். நான்கு பக்கத்திலும் ஓர் 6 இல்லை. 7 இல்லை. 8, 9 மருந்துக்குக்கூட இல்லை.

“ஏன்டி, அஞ்சுக்கு மேல உனக்கு எழுத வராதா?”

“ஆறு எதுக்குக்கா? ஆறு சேந்துட்டா ஒரு ட்ரே ஆயிரும்லா. ஆறு ட்ரே சேந்தா ஒரு அடுக்கு.” 234-ல் ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்தாள். “ரெண்டு அடுக்கு, மூணு ட்ரே, நாலு உதிரி.”

கேஸை அணைத்துவிட்டுப் பேப்பர் எடுத்தேன். அடுக்குக்கு முப்பத்தாறு. எழுபத்திரண்டு, அப்புறம் பதினெட்டு, அப்புறம் நாலு… தொண்ணூற்று நான்கு. அடிப்பாவி, ஒரு கண்ணாடிகூடத் தொலையவில்லை.

நாம் ஒன்பது வரை எழுதுகிறோம். பத்து சேர்ந்ததும் ஒன்றைப் பக்கத்து இடத்துக்குத் தள்ளிவிட்டுச் சைபர் போடுகிறோம். இவள் ஆறு சேர்ந்ததும் தள்ளுகிறாள். அவ்வளவுதான் வித்தியாசம். கடிகாரத்தைப் பாருங்கள் – 59 நிமிடத்துக்குப் பிறகு 60 என்றா காட்டுகிறது? அதை யாராவது ஹெச்.ஆருக்குக் கூப்பிட்டோமா?

பழைய சூப்பர்வைசருக்கு இவள் கணக்கு அத்துப்படி. தானே மாற்றிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவாராம். அவர் டிரான்ஸ்ஃபரில் போனபோது இதைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. மற்றவர்கள் வேறு மாதிரி எழுதுகிறார்கள் என்று இவளுக்கும் தெரியாது.

திங்கட்கிழமை முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பயமாக இருந்தது. கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு வாசலிலேயே போய் நின்றுகொண்டேன்.

சிரித்துக்கொண்டே இறங்கினாள். நோட்டையும் கம்ப்யூட்டரையும் வைத்து, பழைய கணக்கு எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“சூப்பர்வைசர் என்ன சொன்னார்?”

“‘எல்லாரும் பத்து பத்தா எண்ணிக்கினு கீறாங்க, உனுக்கு மட்டும் இன்னாம்மா?’ன்னாரு. ‘கையில பத்து விரல் இருக்கதால பத்து பத்தா எண்ணுதாவ, சார். நான் விரலையா பேக் பண்ணுதேன்?’னு கேட்டேன்.”

“அதுக்கு?”

“ரெண்டு கையையும் ஒருவாட்டி பாத்துக்கிட்டாரு. பெறவு, ‘போம்மா, போய் லைன்ல நில்லு’ன்னுட்டாரு. பெர்மனென்ட் லெட்டர் அடுத்த மாசமாம்க்கா.”

அவளைக் கட்டிக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? என் ஐம்பத்து நான்கு வயசை உன் கணக்கில் எழுது பார்ப்போம் என்றேன். நோட்டை எடுத்து, கொஞ்ச நேரம் யோசித்து எழுதினாள்: 130.

நூற்று முப்பது என்று தன் கையாலேயே எழுதிவிட்டு, அப்போதும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டாள்!